நானூற்றுப் பதினேழாம் ஜோடி

"அறுநூறுன்னா அறுநூறு மேடம். ஐநூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு போட்டா கட்டம் சிவப்பாத்தான் இருக்கும்."

ரென்ஸ்கே பென்சிலை ஒடித்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பதரை. இந்த வாரத்தின் முதல் பென்சில்.

"ஒரே ஒரு ஜோடி குறையுது. அதனால குடியா முழுகிடும்?"

"எனக்குத் தெரியாது மேடம்." தொலைபேசியில் நிதிக்குழு ஊழியன் காகிதம் புரட்டினான். "ஆனா அறுநூறு ஜோடிக்கு ஒண்ணு குறைஞ்சாலும் இந்த ஆராய்ச்சியைச் செய்யறது வீண்னு விண்ணப்பத்துல இருக்கு. பதினோராம் பக்கம். எழுதினவங்க டாக்டர் ரென்ஸ்கே போஸ்த்மா. நீங்கதானே அது?"

அவள்தான் அது. போனை வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

க்ரோனிங்கன் நகரத்துக் கால்வாய் ஓரம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த இரட்டையர் பதிவகம். முப்பது வருடங்களாக இரட்டையர்களின் உயரம், எடை, தூக்கம், தலைவலி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். இப்போது கோபம். கோபம் ரத்தத்தில் வருகிறதா, வளர்ந்த வீட்டில் ஒட்டிக்கொள்கிறதா?

ஒருகரு இரட்டையர் ரத்தத்தில் முழுப் பங்காளிகள். இருகரு இரட்டையர் அரைப் பங்காளிகள். வீடு இரு தரப்புக்கும் ஒன்றுதான். எந்தத் தரப்பு கோபத்தில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் வீட்டின் பங்கு, மீன் சந்தையில் யாரோ முணுமுணுப்பது மாதிரி. நாலு பேரை நிறுத்திக் கேட்கச் சொன்னால் காதில் விழாது. விழவில்லை என்பதற்காக யாரும் முணுமுணுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஐந்து தடவையில் நாலு தடவையாவது காதில் விழ வேண்டுமானால் இருகரு ஜோடிகள் அறுநூறு, அவர்களுடைய உறவினர்கள் தொள்ளாயிரம் பேர் வேண்டும். இதற்குப் புள்ளியியல் வலு என்று பெயர். ரென்ஸ்கே ஒன்பது வருடமாக இந்த வலுவைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கட்டம் பச்சையாகவில்லை என்றால் ஆராய்ச்சி இல்லை. மூன்றாவது மாடி, கீழே இருக்கும் தூக்க ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும். அவர்களுடைய தலைவன் கஸ்பர் அன்று காலையே அளவுநாடாவோடு வந்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தான்.

"என்ன அளக்கறீங்க?" என்றாள் ரென்ஸ்கே.

"திரைச்சீலைக்கு," என்றான் அவன் கிசுகிசுப்பாக. தூக்க ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோருமே கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள். "எங்களுக்கு இருட்டு வேணும்."

"இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள இங்க நின்னீங்கன்னா உங்களுக்கு நல்லா இருட்டும்."

கஸ்பர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்.

பேராசிரியர் ஓன்னோ தன் அறையில் ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துக்கொண்டிருந்தார். "வேற ஒரு ஜோடியைச் சேர்த்துட்டாப் போச்சு," என்றார்.

"எங்கேருந்து? ஒருகரு ஜோடிங்க, கூப்பிடாமலே ஒரே மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கறாங்க. இருகரு ஜோடிங்களைக் கூப்பிட்டா, 'அவ வந்தா நான் வரமாட்டேன்'ங்கறாங்க!"

"யாரு விலகினது?"

"417-ஆ. காரணம்கிற கட்டத்துல, 'கையெழுத்தைப் பார்த்தேன்'னு எழுதியிருக்கு. யார் கையெழுத்து? என்ன உளறல் இது?"

பதிவகத்துக் கணக்கில் ஒரு ஜோடியில் முதலில் பிறந்தவர் அ, அடுத்தவர் ஆ. ஓன்னோ ரொட்டியைக் கீழே வைத்தார். ரென்ஸ்கேவுக்கு 417 மேல் தனிப் பிரியம் என்பது பதிவகம் முழுக்கத் தெரியும்.

கோபத்தை அவரவரிடமே கேட்டால் எல்லோரும் புத்தர்கள். அதனால் ரென்ஸ்கே ஒரு புது முறை கொண்டுவந்திருந்தாள்: ஒரே வீட்டில் கூட இருப்பவர் படிவத்தை நிரப்பி, ஒட்டி, தபாலில் போட வேண்டும். பன்னிரண்டு கேள்வி, மொத்தம் அறுபது மதிப்பெண். அந்த அறுநூறு ஜோடிகளில் இருவருமே அறுபதுக்கு அறுபது வாங்கிய ஒரே ஜோடி 417. வரைபடத்தில் மற்ற புள்ளிகள் எல்லாம் நடுவில் மேகமாய்க் கூடியிருக்க, இது மட்டும் வலது மேல் மூலையில் தனியாக நிற்கும்.

"இந்த ரெண்டு பேரோட புருஷங்களுக்கும் ராஜா பதக்கம் குத்தணும்," என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ரென்ஸ்கே சொல்வாள். அரங்கம் சிரிக்கும். போன தடவை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய கணவன் வீபாவுக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

பதிவகத்தில் பாதிப் பேர் தாங்களே இரட்டையர். ரென்ஸ்கேயும்தான். அவளுடைய பதினாறாவது வயதில் அம்மா பதிவகத்தில் பெயர் கொடுத்தாள். அந்த மேகத்துக்குள் எங்கேயோ அவளும் தங்கை மாரிட்டும் ஒரு புள்ளியாக இருப்பார்கள். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில் ரென்ஸ்கே வாங்கிப்போன ஒரு கேக்கில் ஆரம்பித்தது. இருவரில் கோபக்காரி மாரிட்தான். ரென்ஸ்கே சாது. இதை ரென்ஸ்கேயே பலரிடம், மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறாள்.

எந்த எண் யாருடையது என்பது யாக்கோபா ஒருத்திக்குத்தான் தெரியும். அறுபத்து மூன்று வயது. கழுத்தில் அலமாரிச் சாவி. ஆய்வாளர் எழுதும் கடிதத்தில் பெயரும் முகவரியும் சேர்த்து அனுப்புவது அவள் வேலை. பதில் வந்தால் அச்செடுத்து, ஆளை அடையாளம் காட்டும் வார்த்தைகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு ஆய்வாளரிடம் கொடுப்பதும் அவள்தான்.

"417-ஆ யாருன்னு மட்டும் சொல்லுங்க யாக்கோபா. நான் நேர்ல போய்ப் பேசிக்கறேன்."

"ஆய்வாளருக்குச் சொல்லக் கூடாது டாக்டர். ஒண்ணாம் விதி."

"அந்த விதியை எழுதினது யாரு?"

"நீங்கதான்."

இரண்டாவது பென்சில்.

ரென்ஸ்கே கடிதம் எழுதினாள். 'மதிப்பிற்குரிய பங்கேற்பாளரே, தங்களுடைய விலகலை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' கீழே கையெழுத்து, பட்டம், பதவி.

யாக்கோபா அதைப் படித்துவிட்டுத் தயங்கினாள். "டாக்டர், இதுல உங்க பேர் வேணாமே. எப்பவும் போல பேராசிரியர் பேர்ல போகட்டும். இந்த வருஷம்தான் முதல் தடவையா அழைப்புல உங்க கையெழுத்து போச்சு…"

"ஏன், என் பேருக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல. கொஞ்சம் ஜாஸ்தி."

"அனுப்புங்க!"

மறுநாள் காலை பதில் மேசைமேல் இருந்தது.

'"மதிப்பிற்குரிய பங்கேற்பாளரே"வா? ■■■■ வருஷம் கழிச்சு உனக்கு எழுதக் கிடைச்ச வார்த்தை இதுதானா? நீ ■■■■■■■ இருந்தே இப்படித்தான். ■■■■■■■■■■■■. முடியாது. முடியாது. முடியாது.'

"நீயாம்! என்னை நீ, வா, போங்கறா!" ரென்ஸ்கே காகிதத்தை ஆட்டினாள். "அதென்ன வருஷம் கழிச்சு? போன வருஷம்தானே கேள்வித்தாள் அனுப்பினோம்? கணக்கும் வராது போல. முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தியை இப்படியா திட்டுவா? மீன் சந்தைல கடை போட்டிருக்கறவளாத்தான் இருக்கணும்."

"மீன் விக்கறவங்க நல்லவங்க டாக்டர்," என்றாள் யாக்கோபா ஜன்னலைப் பார்த்தபடி.

"பணிவெல்லாம் இவகிட்ட செல்லாது. உண்மையைச் சொல்லிடறேன்."

உண்மையைச் சொன்னாள். 'தங்களோடு வசிப்பவர் தங்களுடைய கோபத்துக்கு அறுபதுக்கு அறுபது கொடுத்திருக்கிறார். இவ்வளவு கோபம் அபூர்வம். தங்களை இழந்தால் எங்கள் ஆராய்ச்சியின் வலு குறையும்.'

"டாக்டர், இதைப் படிச்சா அந்தம்மா வீட்டுல…"

"சந்தோஷப்படுவா. அபூர்வம்னு எழுதியிருக்கேன்ல?"

புதன்கிழமை காலை யாக்கோபா மூன்று விலகல் படிவங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். 417-ஆவின் கணவர். 417இன் அண்ணன். 417இன் அம்மா. கணவருடைய படிவத்தில் காரணம் என்கிற இடத்தில், 'இனிமேலாவது நிம்மதியா இருக்கேன்' என்று எழுதியிருந்தது. அம்மாவின் படிவத்தில் இரண்டே வரி: 'ரெண்டையும் பெத்தவ நான்தான். ■■■■■■■■ தப்பு என்மேலதான்.'

தொள்ளாயிரம் உறவினர் இப்போது எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. கணினித் திரையில் இரண்டாவது கட்டமும் சிவந்தது.

"பாவம் அந்தம்மா," என்றாள் ரென்ஸ்கே பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்படி ஒரு பொண்ணைப் பெத்துட்டு."

"ரெண்டு பொண்ணு டாக்டர்."

"தெரியும். அந்த இன்னொருத்தி, 417-அ, இந்தப் பிசாசுகூடப் பிறந்து என்ன பாடு படறாளோ! அவளை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

யாக்கோபாவுக்கு எதையோ தேடி மேசைக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது. நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் கீரை போட்ட உருளைக்கிழங்கு மசியல். வீபா தன் தட்டில் மசியலுக்கு நடுவே குழி பறித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான். ரென்ஸ்கே தட்டைத் தொடாமல் 417-ஆவைத் திட்டினாள். பிறகு அவளுடைய வம்சத்தைத் திட்டினாள். குழம்பு ஆறியது.

"ஏன் பேசாம இருக்க? நான் தப்பா எதாவது சொல்றேனா?"

"இல்லையே."

"வீபா, நான் கோபக்காரியா?"

வீபா உருளைக்கிழங்கை உற்றுப் பார்த்தான். "அந்தப் படிவத்துல நாங்க எழுதறதெல்லாம்… யார் எழுதினதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியாதுல்ல?"

"யாக்கோபாவுக்கு மட்டும்தான் தெரியும். அவ வாயைத் திறக்கமாட்டா. ஏன்?"

"நல்ல விதி," என்றான் வீபா. "ரொம்ப நல்ல விதி. அந்தக் குழம்பை இப்படித் தள்ளு."

வியாழக்கிழமை ஓன்னோ ஒரு யோசனை சொன்னார். கோபக்காரர்களிடம் கடிதம் போகக்கூடாது, தின்பண்டம் போக வேண்டும். பதிவகத்தில் பிறந்தநாள்காரர் தானே கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அந்த அரைமணி நேரம் மட்டும் அந்த மாடியில் யாரும் யாரையும் திட்டியதில்லை. "அவளுக்கு ஒரு கேக் அனுப்பும்மா. கூட ஒரு வரி எழுது. ஒரே வரி. அதுக்கு மேல வேணாம்."

ரென்ஸ்கே நல்ல கடையில், தனக்கு எப்போதும் பிடித்த, ஹேசல்நட் கொட்டைகள் போட்ட கேக்குக்குச் சொன்னாள்.

"டாக்டர்!" யாக்கோபாவின் குரல் கீச்சிட்டது. "ஆப்பிள் கேக் அனுப்பலாமே. ஆப்பிள்னா யாருக்கும் பிடிக்கும்."

"சமாதானத்துக்கு ஆப்பிளா? கஞ்சத்தனமா இருக்காது? ஹேசல்நட்தான்."

"சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனாலும் சொல்றேன். ஆப்பிள்."

"யாக்கோபா, நான் சாது. ஆனா என்னைச் சோதிக்காதீங்க."

கேக் போனது. மத்தியானமே பதில் வந்துவிட்டது. யாக்கோபாவின் பேனாவில் மை தீர்ந்திருக்க வேண்டும், கடைசி வரிகளில் கறுப்பு வெளிறியிருந்தது.

'கேக்கா? மறுபடியும் அதே கேக்கா? ■■■■■■■■ல மூஞ்சி வீங்கிப் போய் ■■■■■ கிடந்தது போதாதா? நீ அப்பவும் வேணும்னு செய்யலன்னுதான் சொன்னே. இனிமே உன் ■■■■■■■ ஒரு எழுத்து வந்தாலும் போலீசுக்குப் போவேன்.'

"போலீசா! கேக் அனுப்பினதுக்குப் போலீசா!" ரென்ஸ்கேயின் குரல் இரண்டாவது மாடிக்குக் கேட்டது. அங்கே எட்டுக் கட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். கஸ்பர் படியேறி வந்தான்.

"மேடம், ஒரு மாச ஆராய்ச்சி…" என்று கிசுகிசுத்தான்.

"போய்த் தாலாட்டுப் பாடுய்யா!"

அவன் மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். வெள்ளிக்கிழமை காலை மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: மூன்றாவது மாடி காலியாகும் வரை அங்கே யாரும் சத்தமாகப் பேசக் கூடாது.

காலியாகும் வரை. ரென்ஸ்கே அந்த இரண்டு வார்த்தைகளையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பென்சில் டப்பாவைத் துழாவினாள். டப்பா காலி.

மத்தியானம் மூன்று மணிக்கு ஓன்னோ தன் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். "விடும்மா. ஐநூத்தித் தொண்ணூத்தொம்பதும் நல்ல எண்ணிக்கைதான்."

"ஒன்பது வருஷம் ஓன்னோ!" அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது இருக்கு. அந்த முணுமுணுப்பு இருக்கு. காதை வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தாச்சு. ஒரு வீம்பு பிடிச்ச பொம்பளைக்காக எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போகணுமா?"

ஓன்னோ ஒரு புத்தகத்தை வெளியே எடுத்து, பெட்டியில் மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

ரென்ஸ்கே சட்டென்று நிமிர்ந்தாள். இவ்வளவு நாள் தப்பான ஆளிடம் அல்லவா பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்!

"417-அ! அவ விலகலையே! அவளை விட்டுப் பேசச் சொல்லணும். கூடப் பிறந்தவ சொன்னாக் கேட்பா. ரெண்டு அறுபதும் பேசிக்காமத்தான் இருக்கும், பேச வைக்கணும். இவ திரும்பி வந்துட்டாப் புருஷன், அம்மா, அண்ணன் எல்லாரும் பின்னாலயே வந்துடுவாங்க."

யாக்கோபாவின் அறைக்குப் போய் அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்து, அவளுடைய பேனாவை எடுத்து, கையாலேயே எழுதினாள். நான்கு நாள் கோபமும் நேராகப் பேனாவுக்குள் இறங்கியது.

'417-அ அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஓர் ஆராய்ச்சியையே கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். மூத்தவரான நீங்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கிறீர்கள். அவர்தான் கோபக்காரர், நான் சாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர் அப்படி நினைக்கவில்லை. உங்களுக்கும் அறுபதுக்கு அறுபதுதான் கொடுத்திருக்கிறார். கருவறையிலிருந்தே கூட இருந்தவளோடு பேச ஒரு தொலைபேசியை எடுக்க முடியாத அளவுக்கு உங்களுக்கு அப்படி என்ன வீம்பு? யார் மேல் தப்பு என்ற கணக்கு எனக்கு வேண்டாம். இன்று ஐந்து மணிக்குள் அவரைக் கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள்.

டாக்டர் ரென்ஸ்கே போஸ்த்மா.'

யாக்கோபா அதை ஒரு தரம் படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

"ரொம்பக் கடுமையா இருக்கா?" என்றாள் ரென்ஸ்கே.

"இல்ல டாக்டர். ரொம்பச் சரியா இருக்கு."

"மின்னஞ்சல் வேணாம். பார்க்கலன்னு சாதிப்பா. நீங்களே போய் அவ கையில நேரா குடுங்க. கையெழுத்து வாங்குங்க. வீடு தூரமா?"

"சைக்கிள் தேவைப்படாது."

"இப்பவே மணி நாலேகால்! கிளம்புங்க!"

யாக்கோபா அவசரப்படவில்லை. கடிதத்தை உறையில் இட்டு ஒட்டினாள். ரென்ஸ்கே விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள, உறைமேல் பெயரை எழுதினாள். அலமாரியைப் பூட்டினாள். மழைக்கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ரென்ஸ்கே அந்த அறையிலேயே, அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடிதத்தில் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்ட திருப்தி. அந்த 417-அ இதைப் படிக்கும்போது அவள் முகம் போகிற போக்கைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

கதவு திறந்தது. மழைக்கோட்டோடு யாக்கோபா நின்றிருந்தாள். ஒரு கையில் உறை. இன்னொரு கையில் பேனா.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க டாக்டர்," என்றாள். "417-அ கையில நேரா குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"